தற்காலிக விசாவும் தீராத கடனும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற வழிகாட்டல் அமர்வில், செவிலியர் பணிக்காக அயல்நாடு செல்ல எண்ணும் பெண்மக்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கடல் கடந்து பிழைப்பது நமதூருக்குப் புதிதன்று. பினாங்கும் ரங்கூனும் நம் பாட்டன்மார் காலத்துச் சபுர். துபாயும் ஜித்தாவும் குவைத்தும் நம் தந்தையர் காலத்துச் சபுர். மாப்பிள்ளை எத்தனை வருடச் சபுராளி என்று விசாரித்தே சம்பந்தம் பேசிய ஊர் இது. ஆனால் அன்று போனவர்கள் ஆண்கள். இன்று நம் மஹல்லாவின் பெண்பிள்ளைகள் நர்சிங் பட்டமும் பட்டயமும் பெற்று, மருத்துவமனைகளில் பணியாற்றி, அயல்நாட்டுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இது மகிழத்தக்க மாற்றம். பெண் தனித்துப் பயணம் செய்வது பற்றிய மார்க்கக் கேள்வியை ஆலிம் பெருமக்களிடமே விட்டுவிடுகிறோம். அதில் நமக்கு வேலை இல்லை. நாம் பேச வந்தது தாள்களையும் பணத்தையும் பற்றி மட்டுமே.

வேலைக்கான ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கல்விக் குழுவிடம் கேட்கிறவர்கள் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பணத்தைக் கட்டிவிட்டு வந்தவர்கள். கட்டுவதற்கு முன் வந்தவர்கள் மிகச் சிலர். பணம் கைமாறிய பிறகு ஒப்பந்தத்தில் குறை கண்டு சொன்னால், சொல்கிறவர் மீதுதான் கோபம் வருகிறது. ஆகவே இன்று, எவரும் எந்தத் தாளிலும் கையொப்பம் இட்டிராத ஒரு பொழுதில், பொதுவில் பேசிவிடுவது நலம் என்று கருதினோம்.

வேலை விசா என்றால் ஒரு நாட்டுக்குள் நுழைந்து உழைப்பதற்கான அனுமதி என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலான தற்காலிக விசாக்கள் அப்படிப்பட்டவை அல்ல. குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம், குறிப்பிட்ட ஒரு வேலையை, குறிப்பிட்ட ஒரு காலம் வரை செய்வதற்கான அனுமதி அது. வளைகுடாவில் அவரைக் கஃபீல் என்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்பான்சர் என்கிறார்கள். பெயர் வேறானாலும் கயிற்றின் ஒரு முனை அவர் கையில் இருக்கிறது. அவர் நல்லவராயின் கயிறு இருப்பதே தெரியாது. நம் சகோதரர்களில் பலர் முப்பது ஆண்டு அரபு நாட்டில் இருந்து, கஃபீலின் வீட்டுத் திருமணத்துக்கெல்லாம் போய் உண்டுவிட்டு, நிறைவோடு ஊர் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் முதலாளி எப்படிப்பட்டவர் என்பது போய்ச் சேர்ந்த பிறகே தெரியவரும். அந்நேரத்தில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவர முடியுமா என்பதே கேள்வி. முடியாமல் செய்வது பெரும்பாலும் அந்நாட்டுச் சட்டம் அன்று. ஊரில் வாங்கிய கடன்.

இதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் மகளின் விசாவுக்காக 6 லட்சம் ரூபாய் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. மாதம் 12,000 ரூபாய் வட்டிக்கே போகும். இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்போது வட்டி மட்டும் 2,88,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். இவ்வளவும் முதல் மாதத்திலிருந்தே சம்பளம் தவறாமல் வந்தால். மூன்று மாதம் சம்பளம் நின்றாலோ, சொன்ன சம்பளத்தில் கால் பங்கு குறைந்தாலோ, விசா முடிந்த பிறகும் கடன் முடியாது. விசாவுக்கு இரண்டு வயது, கடனுக்கு நான்கு வயது என்றால் அந்தப் பெண் யாருக்காக உழைக்கப் போகிறாள்? வட்டியின் தீமை பற்றி ஆண்டுதோறும் பயான் நடக்கிற நம் ஊரில், விசாவுக்காக வாங்கும் வட்டிக் கடனைப் பற்றி மட்டும் பலரும் வாய் திறப்பதில்லை என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

கடன் ஒருவரை எங்கே நிறுத்திவைக்கும் என்பதற்கு 2014 ஆம் ஆண்டின் இராக் நிகழ்வைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம் திக்ரித் நகரம் ஆயுதக் குழுவினரின் கைக்குப் போனபோது, அங்குள்ள அரசு மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டனர். ஏறத்தாழ அனைவரும் கேரளத்துப் பெண்கள். பின்னர் மோசூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விடுவிக்கப்பட்டு, எர்பில் வழியாகத் தனி விமானத்தில் ஜூலை 5 அன்று கொச்சியில் வந்து இறங்கினர். அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. அந்நாட்களின் செய்திகளை ஊன்றிப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் அவர்களில் பலர் புறப்படத் தயங்கினார்கள். சம்பளப் பாக்கி நின்றது. முகவருக்குக் கொடுத்த லட்சங்களும் படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடனும் ஊரில் காத்துக் கிடந்தன. வெறுங்கையோடு வீடு திரும்புவதைக் காட்டிலும் போர்முனையில் இருந்துவிடலாம் என்று ஒரு பெண் எண்ணும் நிலைக்குக் கடன் கொண்டுபோய் நிறுத்துகிறது.

மறு ஆண்டே, 2015 இல், கொச்சியைச் சேர்ந்த ஒரு முகவர் நிறுவனத்தின் மீது மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. குவைத்துக்கு அனுப்பிய செவிலியரிடம் 19,500 ரூபாய் பெறவேண்டிய இடத்தில் 19 லட்சத்து 50 ஆயிரம் வரை பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு சுழி, இரண்டு சுழி கூடினால் எவ்வளவு ஆகும் என்று பிள்ளைகள் கணக்கில் கேட்பார்களே, அதுபோல. அவ்வளவு பணத்தையும் கொடுத்தவர்கள் படிப்பறியாதவர்கள் அல்லர், பட்டம் பெற்றவர்கள். அரசு மருத்துவமனை வேலை, கொழுத்த சம்பளம், ஓராண்டில் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்கள்.

இந்நிகழ்வுகளுக்குப் பிறகு இந்திய அரசு விதியை இறுக்கியது. 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகள் என 18 நாடுகள் உள்ளன. சவூதி, அமீரகம், குவைத், கத்தர், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அவற்றுள் அடக்கம். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்குப் பொதுவாக இந்த அனுமதி வேண்டுவதில்லை. ஆனால் 2015 ஏப்ரல் 30 முதல் செவிலியருக்கு மட்டும், எந்த வகைப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அனுமதி கட்டாயம் ஆக்கப்பட்டது. அரசின் இமைகிரேட் இணையத்தளத்தில் முதலாளி பதிந்திருக்க வேண்டும், ஒப்பந்தமும் அதில் ஏற வேண்டும். தொடக்கத்தில் ஆள் சேர்க்கும் பொறுப்பு அரசு நிறுவனங்களிடமே ஒப்படைக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 1978 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. அங்கே விண்ணப்பித்தால் வேலை தாமதமாகும் என்று நம் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். தாமதம் உண்மையாகவே இருக்கலாம். எனினும் தாமதத்துக்கு வட்டி கிடையாது.

தனியார் முகவரிடம் போவதாயின், அவர் பெயர் இமைகிரேட் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். அதற்கு ரசீது தர வேண்டும். வேறு பெயரில் ஒரு ரூபாய் கேட்டாலும் அது எதற்கு என்று கேளுங்கள். "விசாவை விலைக்கு வாங்க வேண்டும்" என்பார்கள். சவூதித் தொழிலாளர் சட்டப்படி ஆள் சேர்க்கும் செலவும் இகாமாக் கட்டணமும் முதலாளியைச் சேர்ந்தவை. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டமும் அந்தச் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவதைத் தடுக்கிறது. சட்டப்படி முதலாளி தலையில் இருக்கும் செலவை உங்களிடம் ஒருவர் வசூலிக்கிறார் என்றால், அந்தப் பணம் எங்கே போகிறது?

"விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பது அடுத்த பேச்சு. இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகவே இவ்வழியைச் சொல்கிறார்கள். வருகை விசாவில் இருப்பவர் வேலை செய்வது குற்றம். செய்த வேலைக்குச் சம்பளம் தராவிட்டால் எந்த அலுவலகத்திலும் போய் முறையிட இயலாது. குடிபெயர்வு அனுமதியோடு போகிறவருக்குப் பிரவாசி பாரதீய பீமா என்னும் காப்பீடு உண்டு. இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய்ப் பிரீமியம். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். பிரியாணிப் பொட்டலத்தின் விலையில் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பும் விசிட் விசாவில் போகிறவருக்கு இல்லை.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தச் சம்பளத்தை அன்று. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்பதை. முகவர் வாயால் சொல்வது எப்போதும் மொத்தத் தொகையே. அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்குப் பணி முடிவில் கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம் என்று கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மீதே. அடிப்படையைச் சுருக்கிப் படியைப் பெருக்கி எழுதினால் இறுதியில் கையில் வருவதும் சுருங்கும். தங்குமிடம் முதலாளி தருவதா, அதற்குப் பிடித்தம் உண்டா? ஊருக்கு வரும் டிக்கெட் ஆண்டுக்கு ஒன்றா, இரண்டாண்டுக்கு ஒன்றா? பன்னிரண்டு மணி நேரப் பணிமுறையில் எட்டு மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு ஊதியம் உண்டா? இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும். "அது வழக்கமாகக் கொடுப்பார்கள்" என்பது விடை ஆகாது.

அடுத்து, பதவியின் பெயர். 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று இங்கே சொல்லிவிட்டு விசாவில் 'நர்ஸ் எய்டு' என்றோ 'கேர்கிவர்' என்றோ அடித்திருப்பார்கள். வீட்டுப் பணிப்பெண் விசாவில் அனுப்பி, ஒரு முதியவரின் படுக்கையருகே இருபத்து நான்கு மணி நேரமும் நிறுத்திவைத்த நிகழ்வுகளும் உண்டு. பல நாடுகளில் வீட்டுப் பணியாளர் பொதுவான தொழிலாளர் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்குத் தனிச் சட்டம். ஆகவே விசாவில் உள்ள சொல் மாறினால் உங்கள் உரிமையும் மாறிவிடும். மேலும், அப்படிக் கழித்த இரண்டாண்டு செவிலியர் அனுபவமாக எங்கும் கணக்கில் ஏறாது.

ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால், வழக்கென்று வரும்போது அரபி வாசகமே செல்லும். நமதூரில் அரபி எழுத்து வாசிக்கத் தெரியாத வீடு இல்லை. ஆனால் வாசிப்பது வேறு, ஒப்பந்தத்தின் பொருள் விளங்குவது வேறு. நம் மதரஸாவில் பணியாற்றும் உஸ்தாதுமார் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டலாம். இன்னொன்று: இங்கே ஒரு தாளில் கையொப்பம் வாங்கிவிட்டு, அங்கே இறங்கியதும் குறைந்த சம்பளத்தில் வேறொரு தாளை நீட்டுவது பழைய தந்திரம். பயணக் களைப்பில், மொழி தெரியாத அலுவலகத்தில், மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பிள்ளைகள் கையொப்பம் இட்டுவிடுகிறார்கள். இமைகிரேட்டில் ஏறிய ஒப்பந்தத்தின் நகல் கையில் இருந்தால், இந்தியத் தூதரகத்தில் எடுத்து வைத்துப் பேசுவதற்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

பாஸ்போர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சபுராளிகள் பலருக்கு அதைக் கம்பெனியில் கொடுத்துவைப்பதே வழக்கம் என்று ஆகிவிட்டது. "பத்திரமாக இருக்கும்" என்று அவர்களே மகள்களுக்கும் அறிவுரை சொல்கிறார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வதைச் சவூதி, அமீரகம், குவைத், கத்தர் ஆகிய நாடுகளின் விதிகளே தடுக்கின்றன. படிப்புச் சான்றிதழ்களின் அசலும் அப்படியே. சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. இங்கே உள்ள முகவர் அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

நாட்டை விட்டு வெளியேறும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, ஆண்டுக்கு ஆண்டு வேறு. கத்தரில் 2020 ஆம் ஆண்டு முதல் வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் தடையின்மைச் சான்று வேண்டியதில்லை. சவூதியில் 2021 மார்ச் முதல், ஓராண்டு முடித்த தனியார் துறைத் தொழிலாளி உரிய முன்னறிவிப்புத் தந்து வேறு வேலைக்கு மாற வழி திறக்கப்பட்டது. குவைத்திலோ நிலைமை எதிர்த்திசையில் போனது. 2025 ஜூலை 1 முதல் தனியார் துறையில் பணிபுரியும் அயல்நாட்டவர் ஊருக்குப் புறப்படும் முன் முதலாளியின் இசைவோடு வெளியேறும் அனுமதி பெற வேண்டும் என்று ஆணை வந்தது. தந்தையின் காலத்து அனுபவத்தை வைத்து மகளுக்கு வழி சொல்வது இவ்விடத்தில் போதாது. போகிற நாட்டின் இன்றைய விதியைத் தூதரகத்தின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றொரு செய்தியைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறோம். இரண்டாண்டு அனுபவம் வேண்டும் என்று வேலை விளம்பரம் கேட்கும். பிள்ளைக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். "சான்றிதழ் நாங்களே தயார் செய்துவிடுகிறோம்" என்று முகவர் சொல்வார். நமதூரில் இதைச் சிறு உதவிபோல் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளின் சுகாதார ஆணையங்கள் உரிமத் தேர்வோடு, டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் வழியாக ஒவ்வொரு சான்றிதழையும் அதை வழங்கிய கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் அனுப்பிச் சரிபார்க்கின்றன. பொய் என்று அறிக்கை வந்தால் அது அந்தப் பெண்ணின் பெயரில் நிற்கும். முகவரின் பெயரில் நிற்காது. மறு ஆண்டு உண்மையான அனுபவத்தோடு விண்ணப்பித்தாலும் பழைய பொய் முன்னே வந்து நிற்கும். அதைவிட, எட்டு மாத அனுபவத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் தனியே நிற்கும் ஒரு பெண்ணின் கையில் யாரோ ஒரு தாயின் உயிர் இருக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். இன்னும் ஒன்றரை ஆண்டு ஊரில் வேலை பார்த்துவிட்டுப் போனால் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை.

இங்கிலாந்துக்குச் செல்ல எண்ணுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அங்கே செவிலியருக்கு 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பராமரிப்புப் பணியாளர் விசா உண்டு. அந்நாட்டு அரசின் நடத்தை விதி, வேலை தேடும் செவிலியரிடம் முகவர் எவரும் கட்டணம் வாங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆகவே இங்கிலாந்து நர்ஸ் வேலைக்குப் பணம் கேட்கிறவர் முதல் அடியிலேயே விதியை மீறுகிறார். அவ்வளவில் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் அங்கே வேறு வடிவில் கடன் வருகிறது. விமானக் கட்டணம், விசாக் கட்டணம், தேர்வுக் கட்டணம் யாவற்றையும் மருத்துவமனையோ முதியோர் இல்லமோ கட்டும். பதிலுக்கு, இரண்டு மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கும். செலவிட்டதை ஓரளவு கேட்பதில் நியாயம் உண்டு. ஆண்டு செல்லச் செல்ல அத்தொகை குறைந்துவர வேண்டும். ஆனால் சில முதலாளிகள் 14,000 பவுன் வரை கேட்டார்கள் என்ற செய்தி 2022 இல் அந்நாட்டு நாளிதழ்களில் வந்தது. அதன்பின் அவ்வாண்டே இத்தகைய விதிகள் நியாயமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்று அரசு தன் நடத்தை விதியில் சேர்த்தது. நம் ஊர்ப் பேச்சில் பாண்டு என்று சொல்கிறோமே, அதுதான். கையொப்பம் இடும் முன் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: எதற்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் எவ்வளவு குறையும், முதலாளியே வேலையை விட்டு நிறுத்தினால் யார் கட்டுவது?

இறங்கிய பிறகு அங்கே செய்முறைத் தேர்வு ஒன்று இருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்புகள். எட்டு மாதத்துக்குள் செவிலியர் மன்றத்தில் பதிவு பெறவில்லை என்றால் முதலாளி ஸ்பான்சர் செய்வதை நிறுத்த வேண்டியதாகும். நன்கு படித்த பிள்ளைகளும் முதல் முறை தவறுவது உண்டு. குளிரும் புதிய மொழி நடையும் தனிமையும் சேர்ந்துகொள்ளும் காலம் அது. அந்த மாதங்களில் ஊரிலிருந்து தினமும் தொலைபேசியில் அழைத்து, "எப்போது பணம் அனுப்புவாய்?" என்று கேட்காமல் இருப்பதே பெற்றோர் செய்யத்தக்க பேருதவி.

செவிலியராகப் படித்துவிட்டு, ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் எட்டாததால், அங்கே பராமரிப்புப் பணியாளராகப் போனவர்கள் பலர். பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்று கொடுத்துப் போனவர்களின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். போய் இறங்கினால் வேலையே இல்லை. ஸ்பான்சர் சான்று மட்டும் உண்டு. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470 க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை இங்கிலாந்து அரசு இரத்து செய்தது. அந்நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர் 39,000 க்கும் மேற்பட்டோர். உரிமம் போனால் தொழிலாளிக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். பராமரிப்புப் பணியாளர் குடும்பத்தை அழைத்துச் செல்லும் உரிமை 2024 மார்ச் 11 உடன் முடிந்தது. 2025 ஜூலை 22 முதல் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. இன்றும் யாரேனும் இங்கிலாந்து கேர் விசா என்று விலை சொன்னால் அவர் விற்பது என்னவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மணமகள் இங்கிலாந்து நர்ஸ், ஐந்தாண்டில் நிரந்தரக் குடியுரிமை, மாப்பிள்ளையும் கூடவே போய்விடலாம் என்று நிக்காஹ் பேச்சுகள் நடப்பதையும் கேள்விப்படுகிறோம். 2025 மே மாதம் அந்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அந்த ஐந்தாண்டைப் பொதுவாகப் பத்தாண்டாக உயர்த்த முன்மொழிந்தது. தற்காலிக விசாவின் மீது கட்டிய திட்டத்தை வேறொரு நாட்டு அமைச்சர் ஒரு நாளில் மாற்றிவிட முடியும். மஹர் பேசும் சபையில் இதையும் பேசுங்கள்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். செவிலியருக்கென 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான எச்-1சி என்னும் தற்காலிக விசா, ஆண்டுக்கு 500 என்ற அளவில் சில மருத்துவமனைகளுக்கு மட்டும் வழங்கப்பட்டு, 2009 டிசம்பரில் காலாவதியானது. எச்-1பி விசா சாதாரணச் செவிலியர் பணிக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. முறையான வழி நிரந்தரக் குடியேற்ற விசா. அதில் இந்தியர்களுக்குப் பத்தாண்டுக்கும் மேல் வரிசை. ஆகவே 'ஆறு மாதத்தில் அமெரிக்கா' என்கிறவரை நம்ப வேண்டாம். நிரந்தர விசாவில் போனவர்களும் பாண்டுக்குத் தப்பவில்லை என்பதற்கு நியூயார்க்கில் ஒரு வழக்கு உண்டு. வாக்களித்த ஊதியமும் பணிநிலையும் கிடைக்கவில்லை என்று 2006 இல் பத்துப் பிலிப்பைன்ஸ் செவிலியர் வேலையை விட்டபோது, அவர்கள் மீது குற்ற வழக்கே தொடுக்கப்பட்டது. 2009 இல் மேல் நீதிமன்றம் அவ்வழக்கைத் தடுத்தது. அதே முதலாளிகளின் குழுமத்தைச் சார்ந்த பிறிதொரு வழக்கில், ஒப்பந்தம் முடியும் முன் விலகினால் 25,000 டாலர் என்று எழுதிவைத்த விதி செல்லாது, அது ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்துக்கே முரணானது என்று 2019 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயம் கிடைத்தது, ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஜெர்மனிக்கு மொழி தெரியாமல் போக இயலாது. பி-2 நிலை வரை படிக்க ஓராண்டுக்குக் குறையாது. அங்கும் முகவருக்கு லட்சங்கள் தர வேண்டிய தேவை இல்லை.

இவ்வளவு கவனித்தும் தொல்லை நேரலாம். அப்போது செய்யக்கூடாத முதற்காரியம், யாரிடமும் சொல்லாமல் வேலையிடத்தை விட்டு ஓடுவது. ஓடியதாக முதலாளி புகார் பதிந்துவிட்டால், சவூதியில் ஹுரூப் என்கிறார்களே, அதன்பின் சம்பளப் பாக்கி கேட்க வேண்டிய பெண்ணே குற்றவாளி போல் நிற்க நேரும். முதலில் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்னும் இணைய முறையீட்டுத் தளத்தில் ஊரில் இருக்கும் பெற்றோரும் புகார் பதியலாம். முறையீட்டுக்கு எண் தருவார்கள், அதைக் குறித்து வையுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும், அயலகத் தமிழருக்கான நம் மாநில அரசின் துறையும் உள்ளன. முகவர் பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ரசீது இல்லை என்றால் வங்கி வழியாக அனுப்பிய சான்றாவது இருக்க வேண்டும். ஆகவே ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராயினும். நமதூரில் இவ்விதம் பணம் இழந்த வீடுகளில் பெரும்பாலும் முகவர் தூரத்து உறவினராகவே இருந்தார்.

புறப்படும் பிள்ளையின் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், செவிலியர் மன்றப் பதிவு, முகவருக்குப் பணம் அனுப்பிய சான்று ஆகியவற்றின் நகல் ஒன்று வீட்டிலும், ஒன்று பிள்ளையின் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். விரும்புகிறவர்கள் ஜமாஅத் அலுவலகத்திலும் உறையிட்டுக் கொடுத்து வைக்கலாம். இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பின் கல்விக் குழுவினர் இருவர் அலுவலகத்தில் இருப்பார்கள். பெண்கள் வந்து பேசுவதற்கு வசதியாக மதரஸாவின் பெண் ஆசிரியை ஒருவரும் உடனிருக்க இசைந்திருக்கிறார். அரபி ஒப்பந்தங்களை உஸ்தாத் வாசித்துப் பொருள் சொல்வார். கட்டணம் ஏதும் இல்லை. முகவருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே வாருங்கள்.